நனைந்த வால்வு ரேடியோ

கேள்வி: அம்மப்பாவின் பெரிய மரப்பெட்டி வால்வு ரேடியோ வீட்டில் கிடக்கிறது. 1978 சூறாவளியில் கூரை போனபோது நனைந்ததாம். அதற்குப் பிறகு யாரும் போடவில்லை. பிளக்கில் குத்திப் பார்க்கலாமா?
- வாசகர், கல்லடி

பதில்: குத்திவிடாதீர்கள் தம்பி! என் முதல் பெட்டியை நான் அப்படித்தான் கெடுத்தேன். ஐந்து நிமிடம் அருமையாகப் பாடியது, அப்புறம் புகை.

வால்வுகள் (உள்ளே சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள்) பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கெட்டுப்போவது மின்னைச் சேமித்து வைக்கும் சிறு பாகங்களான கப்பாசிட்டர்கள்தான். மெழுகு பூசிய காகிதக் கப்பாசிட்டர் ஒன்று கசிந்தாலே போதும், ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, டிரான்ஸ்போமரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். முதலில் அவற்றை மாற்றுங்கள். பிறகு பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக, அதாவது ரேடியோவுக்குப் போகும் கரண்ட் அந்தப் பல்ப் வழியாகவே போகும்படி, இணைத்துக் கரண்ட் கொடுங்கள். (எல்ஈடி பல்ப் உதவாது.) முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம்.

உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பழக்கமில்லை என்றால் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

மரத்துக்கு வார்னிஷ் அடிக்க மட்டும் அவசரப்படாதீர்கள். எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்காது. நம் வாவிக்கரை உப்புக்காற்றில் துருப்பிடிப்பது உள்ளிருக்கும் தகடு, அதைப் பாருங்கள். முகப்பில், நிலையம் சரியாகப் பிடிபட்டதா என்று காட்டப் பச்சையாக ஒளிரும் 'மாயக்கண்' வால்வு இருக்கிறதா? இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.