அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கறவங்களோட அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

எனக்கு இது வந்து 9 வருஷம் ஆச்சு, அதனால நானே சொல்றேன்.

மொதல்ல, இது அல்சர் இல்லங்க. பேர்ல அல்சர்னு வர்றதால கேக்கறவங்க எல்லாரும் "நேரத்துக்கு சாப்பிடு, சரியாயிடும்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. அவங்க சொல்ற அல்சர் இரைப்பையில வர்ற புண்ணு. இது பெருங்குடலோட உள்பக்கம் வீங்கி, புண்ணாகி, ரத்தம் கசியறது, மலக்குடல்ல ஆரம்பிச்சு மேல ஏறும். நான் ரத்தத்த பாத்துட்டு மூலம்னு நெனச்சு, வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம ஆறு மாசம் களிம்பு தடவிட்டு இருந்தேன். கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா ட்யூப் விட்டு பெருங்குடல பாக்கற டெஸ்ட், அது பண்ண அப்பறம் தான் விஷயமே தெரிஞ்சது.

வலிய கூட தாங்கிக்கலாம், அந்த அவசரம் தான் கொடுமை. நோய் கிளம்பற நேரத்துல ஒரு நாளைக்கு 12 தடவ போவேன், போயிட்டு வந்து உக்காந்தா மறுபடி வர்ற மாதிரியே இருக்கும், ஓடிப்போய் உக்காந்தா கொஞ்சம் சளியும் ரத்தமும் தான். எந்த எடத்துக்குப் போனாலும் என் கண்ணு மொதல்ல தேடறது பாத்ரூம் எங்கன்னு தான். பையில ஒரு செட் மாத்துத்துணி எப்பவும் இருக்கும். இத்தன வருஷத்துல அத ரெண்டே தடவ தான் எடுத்துருக்கேன், ஆனா அது இல்லாம வெளிய கெளம்புனா அன்னைக்கு பாத்து வயிறு கலக்கும்.

நான் பண்ண பெரிய முட்டாள்தனம் ரெண்டாவது வருஷம். குடல் வீக்கத்த அடக்கற மெசலமைன் மாத்திர போட்டு அஞ்சு மாசமா ரத்தமே இல்ல, நல்லாதான இருக்கோம்னு நானா நிறுத்திட்டேன். ரெண்டே மாசத்துல திரும்ப வந்துச்சு, இந்த தடவ ஸ்டீராய்டு வரைக்கும் போச்சு. பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாரம் 5 மில்லிகிராமா குறைச்சாங்க, சட்டுனு நிறுத்தவும் கூடாது. மூஞ்சி பூசணி மாதிரி ஊதிடுச்சு, தூக்கம் போயிடுச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பீரோ அடுக்கிட்டு இருப்பேன். டாக்டர் திட்டல, "மருந்து போட்டதாலதான நின்னுச்சு, அத ஏன் நிறுத்துனீங்க?"ன்னு மட்டும் கேட்டார். பதில் இல்ல என்கிட்ட.

இப்ப மாத்திரைய விடறதில்ல. அப்பப்ப மலத்துல கால்புரோடெக்டின் டெஸ்ட் எடுப்பேன், குடல்ல வீக்கம் இருக்கான்னு அது காட்டும், 50க்கு கீழ இருந்தா நிம்மதி. தலைவலிக்கு கூட ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திர நானா வாங்கி போடமாட்டேன், அதுல சிலருக்கு கிளம்பிடும். சுமார் 8 வருஷம் தாண்டுனா பெருங்குடல் கேன்சருக்காகவும் கொலோனோஸ்கோபி பாக்க ஆரம்பிக்கணும், எனக்கு அடுத்த மாசம் இருக்கு. ட்யூப் விடறத பத்தி கவலையே இல்ல, அது மயக்கத்துல தெரியாது. மொத நாள் குடிக்க சொல்லுவாங்களே குடல் கழுவற ஒரு உப்புத்தண்ணி, அத நெனச்சா தான் இப்பவே குமட்டுது.