சவுண்ட் கார்டு வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். மதர்போர்டில் ஆடியோ இருந்தாலும், தனியாக சவுண்ட் கார்டு போட்டால்தான் பாட்டு நன்றாகக் கேட்கும் என்கிறார் கடைக்காரர். என்னிடம் இருப்பது 2,500 ரூபாய் 2.1 ஸ்பீக்கர். கார்டு வாங்கலாமா?
— வாசகர், திருப்பூர்

வேண்டாம். அந்தப் பணத்தைச் சேர்த்துப் போட்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். இந்த விலை ஸ்பீக்கரில் நீங்கள் கேட்கும் குறைகள் பெரும்பாலும் அதன் கோனும் பெட்டியும் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் தருபவை. கார்டை மாற்றினால் அவை மாறாது.

கடைக்காரர் சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது, சாதாரண பிசியில் இருந்தது 'பீப்' போடும் சின்ன ஸ்பீக்கர் மட்டுமே. மதர்போர்டிலேயே ஆடியோ தர 1997இல் இன்டெல் வகுத்த ஏசி 97 முறை வந்த பிறகும் அந்த ஆடியோ சுமார்தான். 2004இல் அதற்குப் பதிலாக வந்த எச்டி ஆடியோ முறைதான் நிலைமையை மாற்றியது. கேம்களின் முப்பரிமாண ஒலியைக் கணக்கிட கார்டில் தனி சிப் இருந்தது இன்னொரு காரணம். விண்டோஸ் விஸ்டா வந்தபோது, கேம்கள் ஒலி அனுப்பும் டைரக்ட் சவுண்ட் என்ற பகுதியில் அந்தச் சிப்பை நேராகப் பயன்படுத்தும் வழியையே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வேலையை ப்ராசஸர் கஷ்டமில்லாமல் செய்துவிடும்.

ஆக, இன்று வித்தியாசம் அனலாக் பகுதியில் மட்டும்தான்: டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப், ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர், அவற்றுக்குப் போகும் மின்சாரத்தின் சுத்தம். மதர்போர்டு வாங்கும்போது விவரத்தாளில் ஆடியோ சிப்பின் பெயரைப் பாருங்கள். ரியல்டெக் ஏஎல்சி 897 என்றால் அடிப்படை ரகம், ஏஎல்சி 1220 என்றால் மேல் ரகம். பின்னதற்கு 120 டெசிபெல் (இரைச்சலைவிடப் பாட்டு எவ்வளவு உரக்க இருக்கும் என்ற அளவு) என்று எழுதியிருப்பார்கள். அது சிப்பின் கணக்கு. போர்டில் பொருத்தியபின் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் ஆடியோ சிடியின் 16 பிட்டுக்கு மொத்தமே சுமார் 96 டெசிபெல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஹெட்போன் மாட்டினால் மெல்லிய 'கிர்ர்' சத்தம் கேட்கிறது. மவுசை நகர்த்தினால் அது மாறுகிறது; கேம் ஓடும்போது கூடுகிறது. சவுண்ட் கார்டு போட்டால் போகுமா?
— வாசகர், மதுரை

போகலாம். ஆனால் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் இழுக்கும் கரன்ட் வேலைக்கேற்ப ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் கிரவுண்ட் வழியாகவும் காற்று வழியாகவும் ஆடியோ வயரில் ஏறுவதைத்தான் கேட்கிறீர்கள்.

ஹெட்போனை கேபினெட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து எடுத்து, பின்பக்கம் பச்சை ஜாக்கில் செருகுங்கள். பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். முன்பக்க ஜாக்குக்குப் போகும் மெல்லிய வயர், போர்டின் கீழ் மூலையில் கிளம்பி கிராபிக்ஸ் கார்டின் ஓரமாகவே கேபினெட் முழுக்கச் சுற்றி வருகிறது. மலிவான கேபினெட்டில் அதற்கு ஷீல்டும் சரியாக இருக்காது. முன்பக்கம்தான் வசதி என்றால், மூடியைக் கழற்றி அந்த வயரை கிராபிக்ஸ் கார்டிலிருந்து விலக்கி, போர்டுக்குப் பின்புறமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள்.

அடுத்து, விண்டோஸின் பழைய சவுண்ட் பேனலில் ஸ்பீக்கரின் 'லெவல்ஸ்' பக்கத்தைத் திறங்கள். சில டிரைவர்களில் மைக், லைன் இன் இரண்டும் அங்கே திறந்தே கிடக்கும். அவற்றின் இரைச்சல் நேராக ஹெட்போனுக்கு வரும். மியூட் செய்யுங்கள். ஸ்பீக்கர் என்றால் விண்டோஸில் ஒலியை 90க்கு மேல் வைத்து, ஸ்பீக்கர் குமிழைக் குறையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போர்டின் இரைச்சல் ஒரே அளவில்தான் வரும். பாட்டின் அளவை விண்டோஸில் குறைத்துக் குமிழைத் திருகினால், இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும்.

கேட்பது 'கிர்ர்' இல்லாமல் 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ரீங்காரமாக இருந்து, அதுவும் ஸ்பீக்கரில் மட்டும் என்றால் வியாதி வேறு: எர்த் சுற்று. கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், டிவி மூன்றும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால், இணைக்கும் வயர்களின் கிரவுண்ட் வழியாக 50 ஹெர்ட்ஸ் கரன்ட் ஓடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றிப் பாருங்கள். கேபிள் டிவி வயரைப் பிடுங்கிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இந்த வியாதிக்கு உள்ளே போடும் கார்டும் யூஎஸ்பி கருவியும் உதவாது, இரண்டுக்கும் கிரவுண்ட் அதே கம்ப்யூட்டருடையது. ஸ்பீக்கர் வயரின் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் போடலாம், அல்லது ஒளியாக ஒலியை அனுப்பும் ஆப்டிகல் வயருக்கு மாறலாம், அதில் கரன்ட் ஓடாது. எர்த் பின்னை உடைத்தாலும் ரீங்காரம் நிற்கும். ஆனால் கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கும் நிலை வரும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் 'கிர்ர்' போகவில்லையா? வெளியே வைக்கும் யூஎஸ்பி டாக் (டிஜிட்டலை ஒலியாக மாற்றும் கருவி) வாங்குங்கள். போனுக்கு விற்கும் டைப் சி ஹெட்போன் அடாப்டர்கூடப் போதும். உள்ளே டாக் சிப் இருக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் வயராக இருக்கும் வகை கம்ப்யூட்டரில் வேலை செய்யாது. உள்ளே போடும் கார்டை இரண்டாவதாகத்தான் சொல்வேன். அது அதே கேபினெட்டில், அதே பவர் சப்ளையில், கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்திலேயே உட்காரும். மூன்று ஸ்லாட் தடிமனான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் உட்கார இடமே இருக்காது. இடம் இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டின் ஃபேனுக்குப் போகும் காற்றை மறைக்கும்.

எச்டிஎம்ஐ வழியாக ஹோம் தியேட்டருக்கு 5.1 கொடுக்கிறேன். நல்ல சவுண்ட் கார்டு போட்டால் ஒலி மேம்படுமா?
— வாசகர், கோவை

ஒரு பைசா செலவு வேண்டாம். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல். ஒலியாக மாற்றும் சிப் உங்கள் ரிசீவரில் இருக்கிறது. யூஎஸ்பி, புளூடூத் ஹெட்செட்டுக்கும் இதே பதில்.

வீட்டில் பாடிப் பதிவு செய்ய வேண்டும். ஹெட்போனில் என் குரலே தாமதமாகக் கேட்கிறது. மைக்கில் உஸ்ஸென்ற சத்தமும் வருகிறது. எந்தச் சவுண்ட் கார்டு நல்லது?
— வாசகி, திருச்சி

உங்களுக்கு வேண்டியது கேம் ஆட்களுக்கு விற்கும் சவுண்ட் கார்டு இல்லை, ஆடியோ இன்டர்ஃபேஸ்: ஸ்டூடியோ மைக்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. கம்ப்யூட்டரின் பிங்க் நிற மைக் ஜாக் தருவது சில வோல்ட் மட்டும். சின்ன காலர் மைக்குக்கு அது சரி. ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். குரல் எட்டவில்லை என்று விண்டோஸில் மைக் பூஸ்டை 20, 30 டெசிபெல் ஏற்றினால் உஸ்ஸும் அதே அளவு ஏறும்.

தாமதத்துக்குக் காரணம் பஃபர், அதாவது ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி செகண்ட், 512 என்றால் 10.7. குரல் உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை இந்தத் தாமதம், அதோடு யூஎஸ்பியும் சிப்பும் எடுக்கும் நேரம். இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ (ASIO) என்ற தாமதம் குறைந்த டிரைவரைப் போட்டு 128இல் தொடங்குங்கள். ஒலி படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள். 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால், உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதப் பேச்சே இல்லை.

250 ஓம் ஹெட்போன் வாங்கினேன். முழு வால்யூமிலும் ஒலி தாழ்ந்தே இருக்கிறது. ஹெட்போன் பழுதா?
— வாசகர், சென்னை

பழுதில்லை. 1 வோல்ட் கொடுக்கும் ஜாக் 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் தரும், 250 ஓமுக்கு 4 மட்டும்தான். சினிமாப் பாட்டுக்கு ஒப்பேற்றலாம். தாழ்ந்த அளவில் பதிவான கச்சேரிக்குப் போதாது. காசு செலவழிக்க நியாயமான காரணம் இது: ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் சேர்ந்த யூஎஸ்பி டாக், அல்லது 250 ஓமுக்கு ஈடுகொடுப்பதாக விவரத்தாளில் சொல்லும் கார்டு.

கார்டு மாட்டிவிட்டேன். பின்பக்கம் வேலை செய்கிறது, முன்பக்க ஜாக்கில் ஒலியே இல்லை.
— வாசகர், சேலம்

முன்பக்க வயரின் பிளக் இன்னும் மதர்போர்டிலேயே செருகியிருக்கும். பவரை அணைத்து, அதை எடுத்துக் கார்டில் உள்ள அதே மாதிரி 9 பின் இடத்தில் மாட்டுங்கள். ஒரு பின் இல்லாத பக்கத்தைப் பொருத்திப் பார்த்துச் செருகவும். அந்த இடமே இல்லாத மலிவு கார்டுகளும் உண்டு. அப்படியானால் பின்பக்கத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்க வேண்டியதுதான்.