கன்று நடக் காசு கிடைக்கும், மூன்று கோடைக்கு யார் தருவார்?

கேள்வி: நாகர்கோவிலில் எங்கள் தெரு 300 மீட்டர் நீளம், 25 அடி அகலம். ஒரு பக்கம் மின்கம்பி போகிறது. இலவசமாக 60 கன்றுகள் தருகிறார்கள். முன்பு நட்டவை எல்லாம் பங்குனிக்குள் பட்டுப்போயின. இந்த முறை பணத்தை எங்கே கேட்பது, எதற்குச் செலவழிப்பது?

முதலில் 60-ஐ 30 ஆக்குங்கள். கம்பி இல்லாத பக்கத்தில் 8 மீட்டருக்கு ஒன்று என்றால் 37 வரும். வீட்டு வாசல், தெருமுனை, கழிவுநீர் மூடி இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 18. கம்பிப் பக்கத்தில் மந்தாரை, பவளமல்லி போன்ற சிறிய மரங்கள் 12. அதற்கு மேல் நட்டால் தண்ணீரும் ஆளும் பங்கு பிரிந்து, ஒன்றுமே தேறாது.

இனிக் கணக்கு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வது பெரிய கொடை. கன்று உண்மையில் தவிப்பது தை, மாசி, பங்குனி மூன்று மாதம்தான். முதல் ஆண்டில் வாரம் இருமுறை, கன்றுக்கு 20 லிட்டர். 30 கன்றுக்கு ஒரு நடைக்கு 600 லிட்டர், 13 வாரத்தில் 26 நடை, மொத்தம் 15,600 லிட்டர். இரண்டாம் ஆண்டு வாரம் ஒருமுறை 40 லிட்டர். தண்ணீர் அதே அளவுதான், நடை பாதியாகிறது. மூன்றாம் ஆண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை 60 லிட்டர் போதும். 1,000 லிட்டர் தொட்டி வைத்த டெம்போவும் ஓர் ஆளும் இருந்தால் முதல் ஆண்டில் ஒரு நடை இரண்டு மணி நேரத்தில் முடியும். அடுத்த இரண்டு ஆண்டும் ஒரு நடைக்குத் தொட்டியை இருமுறை நிரப்ப வேண்டியிருக்கும். உள்ளூர் டெம்போ வாடகையையும் அரைநாள் கூலியையும் 26, 13, 6 என்று பெருக்கிக் கூட்டுங்கள். உங்கள் பட்ஜெட்டின் இதயம் அந்தத் தொகைதான். கன்றின் விலை அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

பெரும்பாலான நிதிகள் இந்தத் தொகையைத்தான் தருவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கானது, தண்ணீர் ஊற்றும் கூலிக்கு வராது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியையாவது நீங்கள் கட்ட வேண்டும். அதைக் குழி, கூண்டு, தண்ணீர்க் குழாய் இணைப்பு என்று ஒரே தடவை வரும் செலவுக்குக் கேளுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அதில் அடங்கும். அவர்களிடம் போனால் கன்றும் பெயர்ப்பலகையும் கேட்காதீர்கள், மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கேளுங்கள். பணம் தவணையாக வரட்டும்: நட்டதும் 40 சதவீதம், பிறகு ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணி 20 சதவீதம். வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும் இதே நிபந்தனைதான். எண்ணிக் கொடுக்கும் காசுதான் மரத்தைக் காக்கும். மீதியைச் சங்கத்தின் மாதச் சந்தாவில் தனிக்கணக்காக வையுங்கள்.

அதற்கு முன் தெரு யாருடையது என்று பாருங்கள். மாநகராட்சித் தெரு என்றால் ஆணையருக்கு மனு, பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கை. நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். தோண்டும் முன்பு குடிநீர்க் குழாய் போகும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிடச் சொல்லுங்கள்.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி ஆழம். நாகர்கோவிலில் பல தெருக்கள் வயலை நிரப்பி வந்தவை. குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் பாருங்கள். தண்ணீர் நின்றால் வேம்பு வேண்டாம், வேர் அழுகும். நீர்மருது, நாவல், புங்கன் தாங்கும். செம்மண் என்றால் வேம்பு, மகிழம் நன்றாக வரும். கடற்கரை ஊர்களுக்குப் புன்னையும் பூவரசும் போல வேறில்லை. செம்மயிற்கொன்றை (குல்மோகர்) பார்க்க அழகுதான், ஆனால் கிளை எளிதில் முறியும், வேர் மேலாகவே ஓடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்க வேண்டும்.

கன்று ஆறடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பையைக் கிழித்து, சுருண்ட வேரை வெட்டிவிடுங்கள். தண்டின் அடி தரைமட்டத்திலேயே நிற்க வேண்டும், ஆழப் புதைத்தால் பட்டை அழுகும். ஊறவைத்துக் கழுவிய கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, குழிக்கு அடியில் ஒரு வரிசை, மேலே தண்டைத் தொடாமல் ஒரு வரிசை அடுக்குங்கள். ஈரம் நாலைந்து நாள் கூடுதலாக நிற்கும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் ஊன்றுகம்பையும் மேற்கில் நட்டு, பழைய சைக்கிள் டியூபால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். ஒன்றரை ஆண்டில் அதை அவிழ்த்துவிட வேண்டும். இரும்புக்கூண்டையும் தண்டு தொடும் முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டைக்குள் இறங்கிவிடும்.

நடும் காலம் ஜூன் மழை நன்றாகப் பிடித்தபிறகு. தை வருவதற்குள் வேர் இறங்க ஏழு மாதம் கிடைக்கும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்று அடங்கி ஐப்பசியில் நடுவதே நல்லது.

அடுத்த ஆபத்து இன்டர்லாக் கல். தண்டுவரை பதித்தால் காற்றும் நீரும் வேருக்குப் போகாது. டெல்லி மரங்கள் தொடர்பாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. அந்த அளவையே உங்கள் மனுவில் எழுதிக் கேளுங்கள்.

கவாத்து சித்திரையில், மழைக்கு முன்பு. ஒரே ஆண்டில் கால்பங்கு இலைக்கு மேல் வெட்டக்கூடாது. தடித்த கிளை என்றால் தண்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கிளையின் கீழ்ப்புறத்தில் ஒரு வெட்டு, அதற்கும் சற்று அப்பால் மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியாகக் கிளை தண்டோடு சேரும் புடைப்பை ஒட்டி மூன்றாவது. புடைப்பைச் சீவிவிட்டால் காயம் ஆறாது. மின்வாரிய ஆட்கள் வரும் நாளில் சங்கத்திலிருந்து ஒருவர் கூட நின்று, உச்சியை மொட்டையடிக்காமல் கம்பிப் பக்கக் கிளையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

மிஞ்சும் இலவசக் கன்றில் நான்கைந்தைப் பெரிய பையில் மாற்றி ஒரு வீட்டு முற்றத்தில் வளருங்கள். பட்டுப்போகும் இடத்துக்கு அடுத்த ஜூனில் அதே உயரத்தில் கன்று கிடைக்கும்.