உப்பிய டப்பாவை எப்படித் திறப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்காக சுவீடன் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆகஸ்டில் அலுவலக நண்பர்கள் சுர்ஸ்ட்ரோமிங் என்ற புளிக்க வைத்த மீன் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். யூடியூபில் பார்த்ததெல்லாம் அதைத் தின்று வாந்தி எடுப்பவர்களைத்தான். கடையில் டப்பாவே உப்பிப்போய் இருக்கிறது. போகலாமா? எப்படிச் சாப்பிடுவது?

– கு.

அன்புள்ள கு.,

தாராளமாகப் போங்கள். அந்த வீடியோக்காரர்கள் முழு மீனை டப்பாவிலிருந்து தூக்கி அப்படியே கடிக்கிறார்கள். ஆவக்காயைச் சோறில்லாமல் கிண்ணத்தோடு வழித்துத் தின்பது போன்ற வேலை அது. சுவீடனில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

ஸ்ட்ரோமிங் என்பது பால்டிக் கடலின் சிறிய ஹெர்ரிங் மீன், நம் மத்திக்கு உறவு. முட்டையிடும் பருவத்தை ஒட்டி மே, ஜூனில் பிடித்து, முதலில் கெட்டியான உப்புநீரில் போட்டு ரத்தம் இறக்குகிறார்கள். பிறகு தலையை எடுத்துவிட்டு, உப்புக் குறைந்த நீரில் பீப்பாயில் புளிக்க விடுகிறார்கள். மீன் அழுகாத அளவுக்கு உப்பு இருக்கும், புளிப்பதைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது. டப்பாவில் அடைத்த பிறகும் உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்கள் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால்தான் அது உப்புகிறது. இதை வைத்து மற்ற டப்பா உணவுகளை எடை போடாதீர்கள். வேறு எந்த டப்பா உப்பியிருந்தாலும் குப்பையில் போடுங்கள்.

வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, பியூட்டிரிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம் போன்றவை. அழுகிய முட்டையும் கெட்டுப்போன வெண்ணெயும் சேர்ந்த மாதிரி மூக்கில் ஏறும். டப்பா திறந்த முதல் சில நிமிடங்கள்தான் கடுமை. அப்போது காற்று வரும் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள்.

திறக்கும் முறைதான் முக்கியம். டப்பாவைச் சில மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளழுத்தம் குறையும். வீட்டுக்கு வெளியே சாய்த்துப் பிடித்து, வாயு மேலேறி நிற்கும் உயர்ந்த ஓரத்தில் சிறு துளை இட வேண்டும். மேலே ஈரத்துணி போடுங்கள், அல்லது வாளித் தண்ணீருக்குள் வைத்துத் திறங்கள். வெதுவெதுப்பான டப்பாவை நேராக நிறுத்திக் குத்தினால் உப்புநீர் சட்டையெல்லாம் பீய்ச்சியடிக்கும்.

மீனை அலசி, வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதை எடுங்கள். நடுமுள்ளைத் தூக்கினால் சதை இரண்டாகப் பிரியும். தோலையும் உரித்துவிடுங்கள். துன்ப்ரோட் என்ற மெல்லிய ரொட்டியில் தாராளமாக வெண்ணெய் தடவி, அவித்த உருளைக்கிழங்கை வில்லைகளாக அடுக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயம் தூவி, மேலே மீன். உங்களுக்கு முதல் தடவை அரைத் துண்டு, விரல் நீளம் போதும். மடித்துக் கடியுங்கள். உப்பையும் புளிப்பையும் கிழங்கும் வெண்ணெயும் தாங்கிக்கொள்ளும். மூக்கு மிரட்டிய அளவுக்கு நாக்கில் இருக்காது. பீரோடு சாப்பிடுபவர்கள் அதிகம். குளிர்ந்த பாலும் பொருத்தம்தான்.

ரத்த அழுத்தம் இருந்தால் அளவோடு நிறுத்துங்கள், உப்பு மிக அதிகம். பால்டிக் ஹெர்ரிங்கில் டையாக்சின் என்ற நச்சு சேர்வதால் குழந்தைகளும் இனிப் பிள்ளை பெறக்கூடிய பெண்களும் ஆண்டுக்கு 2 அல்லது 3 முறைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது சுவீடன் உணவுத் துறையின் அறிவுரை. குடும்பத்தோடு போவதானால் இதை மறக்காதீர்கள்.

ஊருக்கு ஒரு டப்பா எடுத்துப்போகும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். அழுத்தம் ஏறிய டப்பா என்பதால் ஏர் பிரான்சும் பிரிட்டிஷ் ஏர்வேசும் 2006-லேயே விமானத்தில் தடை போட்டுவிட்டன.