“பயாப்ஸி ரொம்ப வலிக்குமா?”

கேள்வி: எனக்கு 42 வயது. இடது மார்பில் கட்டி. ஸ்கேன் பார்த்த டாக்டர் வியாழக்கிழமை பயாப்ஸிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ரொம்ப வலிக்குமா? ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே? வீட்டில் சொல்லாமல் தனியாகப் போய் வந்துவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பரவும் பேச்சை விடுங்கள் தோழி. ஊசியில் சதை எடுத்துப் பார்ப்பதால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவாது. இந்தப் பயத்திலேயே தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கட்டி முற்றியபிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வலி கொஞ்சம் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். மரத்துப்போக முதலில் ஒரு சின்ன ஊசி போடுவார்கள், அது சில விநாடிகள் சுரீரென்று எரியும். பலருக்கு வலி என்று இருப்பதே அதுதான். அப்புறம் அழுத்துவதும் இழுப்பதும் மட்டும் தெரியும். சதைத் துணுக்கு எடுக்கும் கருவி ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ‘டக்’கென்று சத்தம் போடும், அதுவும் நாலைந்து தடவை. எனக்கு எடுத்தபோது யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை, வலியே இல்லாமல் அந்தச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் அந்தச் சத்தத்தை முதலிலேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நடுவில் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். உடம்பை அசைக்காமல், “வலிக்குது டாக்டர்” என்று வாய்திறந்து சொன்னால் மருந்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள். வயதுக்கு வந்த நாளிலிருந்து பிரசவ வார்டு வரை ‘பொறுத்துக்கோ’ என்றே கேட்டு வளர்ந்துவிட்டோம், இங்கே அது வேண்டாம். பாட்டு கேட்கலாமா என்றும் கேளுங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பயாப்ஸியின்போது சிலருக்குப் பாட்டும் சிலருக்குத் தியானமும் கேட்கக் கொடுத்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் இரு தரப்புக்குமே பதற்றம் குறைந்திருந்தது.

தனியாக மட்டும் போகாதீர்கள். ரிப்போர்ட் வர சில நாள் ஆகும், ஊசியைவிட அந்த நாட்கள்தான் கொடுமை. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, ஆனாலும் ராத்திரி 2 மணிக்கு மனசு அதைக் கேட்காது. கணவரோ அக்காவோ, ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், வலிக்குப் பாரசிட்டமால் போதும், ஓரிரு நாள் குடம் தூக்க வேண்டாம். தோல் கன்றி நீலமாகும், பயப்படாதீர்கள். வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.