டர்ன்டேபிளின் கைக்குப் பொருத்தமான கார்ட்ரிட்ஜை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: மாமா விட்டுச்சென்ற ஜப்பானிய டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜ் பழுதாகிவிட்டது. 15,000 ரூபாய் வரை செலவழிக்கத் தயார். விலை கூடியதாகப் பார்த்து வாங்கினால் போதுமா? அதைச் சுமக்கும் கையான டோன்ஆர்மையும் பார்க்க வேண்டுமா?

போதாது. விலையை மட்டும் பார்த்து வாங்கி, ஒரு கோடைக்காலம் முழுவதும் அவதிப்பட்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம். தாத்தா வில்வண்டிகளுக்கு வில் பூட்டியவர். அப்பா பொள்ளாச்சிச் சாலையில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்தார். ஆக, நான் சொல்லப்போகும் விஷயம் மற்றவர்களுக்கு முன்பே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

எனக்கும் ஒரு மாமா உண்டு. 1984-இல் துபாயிலிருந்து திரும்பும்போது டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எம்கே 2 ஒன்றைத் துணிமணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தார். அவர் காலத்துக்குப் பின் அது என்னிடம் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர், "இந்த மாதிரி ஊசி இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை" என்று சொல்லிப் பழைய சரக்கிலிருந்து ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்துக் கொடுத்தார். ஒன்றேகால் கிராம் அழுத்தத்தில் ஓடுமாம், இசைத்தட்டு தேயாதாம். பொருள் உண்மையிலேயே உயர்ந்த பொருள்தான். குறை அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கச்சேரித் தட்டைப் போட்டேன். தம்புரா நடுங்கியது. சினிமாப் பாட்டாக இருந்தால் தெரிந்திருக்காது. சுருதி என்பது ஆடாமல் நிற்க வேண்டிய ஒன்று, அதில் கடுகளவு ஊசலாட்டம் இருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். ஸ்பீக்கரின் துணியைக் கழற்றிப் பார்த்தால், பெரிய கூம்பு தவளையின் தொண்டையைப் போல உள்ளும் வெளியும் போய்க்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, கருவி மச்சில் இருந்தது. பலகைத் தரையில் அம்மா நடந்துபோனால் ஊசி துள்ளிவிடும். முதலில் தட்டைக் குறை சொன்னேன், பிறகு தரையை, கடைசியில் அம்மாவை.

காரணம் வில்வண்டியில் இருக்கிறது. மெல்லிய வில் பூட்டிய வண்டியில் பத்து மூட்டை ஏற்றினால், சிறு பள்ளத்துக்கும் வண்டி நெடுநேரம் ஆடும். லாரி வில்லை வண்டியில் பூட்டி ஒரே ஆளை ஏற்றினால் எலும்பு நொறுங்கும். கார்ட்ரிட்ஜில் ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர்தான் வில். டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்துதான் பாரம். வில்லின் மென்மையைக் கம்ப்ளையன்ஸ் என்பார்கள், நாம் நெகிழ்வு என்று வைத்துக்கொள்வோம். எல்லா வில்லுக்கும் பாரத்துக்கும் அவற்றுக்கே உரிய ஓர் ஆட்ட வேகம் உண்டு. அந்த வேகத்தில் எது வந்து தட்டினாலும் ஆட்டம் பெரிதாகும்.

இந்த வேகம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், அதாவது விநாடிக்கு 8 முதல் 12 ஆட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது வழக்கமான விதி. மேலே 20 ஹெர்ட்ஸிலிருந்து இசை தொடங்கிவிடுகிறது. கீழே தட்டின் நெளிவும் காலடி அதிர்வும் இருக்கின்றன. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகிறது. சுற்றுக்கு ஒரே மேடு என்றால் ஊசி விநாடிக்கு அரைத்தடவைக்குச் சற்று மேல்தான் எழும்பும். ஆனால் நெளிந்த தட்டு அத்தனை ஒழுங்காக நெளிவதில்லை. குறுகிய நெளிவுகள் ஐந்தாறு ஹெர்ட்ஸ் வரை வருகின்றன.

எங்கள் ஊருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. ஓட்டுக்குக் கீழே மச்சில் சாய்த்து வைத்த தட்டு பங்குனி முடிவதற்குள் அப்பளமாகிவிடும். மாமாவின் தட்டுகளில் பாதி அப்படித்தான். தட்டையான தட்டுகளை வைத்து எழுதப்பட்ட மதிப்புரைகளைப் படித்து நான் கார்ட்ரிட்ஜ் வாங்கியிருக்கவே கூடாது.

கணக்கு எளிது. டோன்ஆர்மின் பயனுறு நிறை, கார்ட்ரிட்ஜின் எடை, திருகாணிகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் தாளில் உள்ள நெகிழ்வு எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 159-ஐ அதனால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

பயனுறு நிறை என்பது டோன்ஆர்மைக் கழற்றித் தராசில் வைத்தால் வரும் எடை இல்லை. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அருகில் உள்ள கல் அதிகம் நகர்வதில்லை, சால் தொங்கும் நுனிதான் முழுத் தூரமும் போய்வருகிறது. அதேபோல் பின்னால் உள்ள எதிர்எடை கணக்கில் கொஞ்சம்தான் சேரும், நுனியில் கார்ட்ரிட்ஜைப் பூட்டும் ஹெட்ஷெல் முழுதாகச் சேரும். இந்த எண் கருவியின் கையேட்டில் இருக்கும்.

என் டெக்னிக்ஸுக்கு 12 கிராம். பழைய சரக்குக் கார்ட்ரிட்ஜ் 6, திருகாணி 1, மொத்தம் 19. நெகிழ்வு 30. பெருக்கினால் 570, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 23.9, விடை 6.7 ஹெர்ட்ஸ். நெளிவும் அம்மாவின் நடையும் சந்திக்கும் இடத்தில் கொண்டுபோய் வில்லை வைத்திருக்கிறேன்! பத்து மூட்டை ஏற்றிய வில்வண்டி.

அடுத்து ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்குக் கணக்குப் போட்டேன். எடை 7.2, நெகிழ்வு 20. விடை 7.9. விளிம்பில் நிற்கிறது. தட்டுகள் தட்டையாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். என் அப்பளங்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி இருப்பது தேவைப்பட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் நெகிழ்வைப் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுகின்றன. நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸில் உள்ள நெகிழ்வு, அது அதைவிடப் பெரிய எண். ஒன்றரை முதல் இரண்டு வரை ஏதாவது ஒன்றால் பெருக்கிக்கொள்வது நடைமுறை. துல்லியமான மாற்றம் இல்லை, குத்துமதிப்புதான். டெனான் டிஎல் 103-ஐ எடுத்துக்கொள்வோம். 1960-களில் ஜப்பான் வானொலியான என்எச்கே-வுக்காக உருவானது, இன்றும் விற்கிறது. அதன் தாளில் நெகிழ்வு 5 என்று இருக்கும். அப்படியே போட்டால் 15 ஹெர்ட்ஸ் வந்து பயமுறுத்தும். 9 என்று எடுத்தால் 11.4, டெக்னிக்ஸுக்குப் பிரமாதம். ஆனால் அது காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் வகை. வெளிவருவது 0.3 மில்லிவோல்ட்தான், கார்ட்ரிட்ஜின் மெல்லிய சைகையைப் பெரிதாக்கும் சாதாரண போனோ முன்பெருக்கிக்குப் போதாது. உங்கள் 15,000 அதற்கான துணைக்கருவிகளிலேயே கரைந்துவிடும்.

நான் கடைசியில் வாங்கியது ஆடியோ டெக்னிகா விஎம் 95 ஈ. எடை 6.1 கிராம், 100 ஹெர்ட்ஸில் நெகிழ்வு 7. பத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 12, விடை பத்தரை ஹெர்ட்ஸ். அழுத்தம் 2 கிராம். முதலில் வாங்கியதைவிட விலை குறைவு என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தம்புரா நின்றது, மிருதங்கத்தின் தொப்பி தெளிந்தது. உயர்ந்த ஸ்தாயியில் பழையதன் நயம் இதில் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விடை 12-க்கு மேல் போனால் பரிகாரம் மலிவு. கனமான ஹெட்ஷெல் போடலாம். சிலர் ஹெட்ஷெல்லின் மேல் நாணயம் ஒட்டுவார்கள். அப்படிச் செய்தால் பழைய அலுமினியப் பத்துப் பைசாவைத் தேடுங்கள், இன்றைய ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும், கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதும் காந்தம்தான். 8-க்குக் கீழே போனால் டோன்ஆர்மை இளைக்கவைப்பது கடினம், கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும். அழுத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பள்ளத்தில் சரியாகப் பதியாமல் துள்ளும் ஊசிதான் தட்டை அதிகம் கெடுக்கிறது.

வாங்கிய பிறகு ஒரு சோதனை. நெளிந்த தட்டைப் போட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மேடு வரும்போது கார்ட்ரிட்ஜின் உடலும் தட்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். உடல் பின்தங்கி, ஊசித்தண்டு உள்ளே மடங்கி விரிந்தால் பொருத்தம் சரியில்லை.

அந்தப் பழைய கார்ட்ரிட்ஜை ஒற்றப்பாலத்தில் உள்ள நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய டோன்ஆர்ம் ஆறு கிராம்தான், கணக்கில் எட்டு வருகிறது. அங்கே அது பாடுவதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.