ஆம்புலன்ஸ் வேலைக்கு ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் உயிரியல் எடுத்துப் பிளஸ் டூ தேறிவிட்டாள். 108 வண்டியில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மலைக்குக் கீழே ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருட ‘பாராமெடிக் டிப்ளமோ’ இருக்கிறதாம், முடித்ததும் வேலை நிச்சயம் என்கிறார்களாம். பணம் கட்டலாமா?

அக்கா, இப்போதைக்குக் கட்டாதீர்கள். எல்லையிலிருக்கும் குமுளிக்குக் கேரளப் பக்கம் வேலையா, தமிழ்நாட்டுப் பக்கமா என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரே 108தான், ஆனால் ஆள் எடுக்கும் விதம் இரண்டு மாநிலத்திலும் வேறு.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மருத்துவ உதவியாளர் வேலைக்கு வரும் அறிவிப்புகளில் நர்சிங், ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு), டி.பார்ம். (மருந்தாளுநர் டிப்ளமோ), ஆய்வக டிப்ளமோ முடித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், பயோகெமிஸ்ட்ரி போன்ற பி.எஸ்சி. பட்டதாரிகளையும் அழைக்கிறார்கள். வயது பெரும்பாலும் 19 முதல் 30 வரை. தேர்வானவர்களுக்குச் சுமார் 50 நாள் பயிற்சியை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். வேலை கொடுப்பவரே கற்றுத்தரப்போகும் பாடத்துக்கு நீங்கள் ஏன் கடன் வாங்கி இன்ஸ்டிட்யூட்டுக்குக் கட்ட வேண்டும்?

கேரளத்தில் 2019 முதல் ‘கனிவு’ என்ற பெயரில் மாநிலம் முழுக்க ஓடும் 108இல் பெரும்பாலும் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். அங்கே அந்த டிப்ளமோவைக் காட்டிப் பயனில்லை.

அதனால் என் யோசனை நர்சிங்தான். ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நான்கு வருடம். இரண்டு பக்கமும் செல்லும். பத்து வருடம் கழித்து வண்டியில் ஓடி அலுத்துப்போனால் ஆஸ்பத்திரி வார்டுக்கும் மாறிக்கொள்ளலாம். ஆனால் கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

இன்னொரு நல்ல படிப்பும் உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்ய இதைவிட நேரடியான படிப்பு இல்லை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டமும் இந்த மாதிரித் தொழில்களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இருந்தாலும் கேரளத்து 108தான் கனவென்றால் நர்சிங்கே பத்திரம்.

சரி, சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். எல்லைக் குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டுக் கல்லூரி இடங்களுக்குப் பூர்வீகச் சான்று கேட்பார்கள். கேரளத்தில் நர்சிங் அட்மிஷன் நடத்தும் எல்.பி.எஸ். சென்டர் வழியாக விண்ணப்பிக்க அங்கத்து இருப்பிட ஆவணங்கள் வேண்டும். சாதிச் சான்று இதைவிடச் சிக்கல். ஒரு மாநிலத்துச் சான்றை வைத்து மறு மாநிலத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. இடுக்கியில் பட்டியல் சாதிக் குடும்பங்களிடம் 1950க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பது பழைய தலைவலி. தாத்தா பாட்டியின் எஸ்டேட் வேலைப் பதிவு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிப் பதிவேடு எது கிடைத்தாலும் இப்போதே தேடி எடுங்கள். விண்ணப்பத் தேதி வந்த பிறகு வில்லேஜ் ஆபீசுக்கு ஓடினால் வேலைக்காகாது.

‘ரத்தத்தைப் பார்த்தால் தாங்குவாளா, ராத்திரி வேலையாச்சே’ என்றும் கேட்டிருந்தீர்கள். வண்டியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான், இரவும் வரும். பெண்கள் நிறையப் பேர் பார்க்கிறார்கள். தாங்குவாளா என்பதைச் சேர்க்கும் முன்பே சோதித்துவிடலாம். செஞ்சிலுவை, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆகியவை முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ தன்னார்வலர் பயிற்சி 12 நாள். கேரளத் தீயணைப்புத் துறையின் சிவில் டிஃபென்ஸ் அணியிலும் சேரலாம். இவற்றால் வேலை கிடைக்காது. ஆனால் பொம்மையின் நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பார்த்தாலே இது எவ்வளவு உடம்பு நோகும் வேலை என்று அவளுக்குப் புரிந்துவிடும். கழுத்து அசையாமல் பட்டை மாட்டுவது, பாம்பு கடித்த காலைக் கயிறு போட்டு இறுக்காமல் எலும்பு முறிந்த கால் மாதிரி அசையாமல் வைப்பது, ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பது எல்லாம் போகப்போகக் கற்றுக்கொள்வாள். வண்டியில் அவள் தனியாளும் இல்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து டாக்டர் போனில் வழி சொல்வார்.

அவளுடைய ஆசையைச் சினிமா ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2011இல் உங்களுக்குப் பக்கத்திலேயே சபரிமலை பக்தர்கள் சிக்கிய புல்மேட்டு நெரிசலில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவால் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனபோது, செய்தி வெளியே போகவே விடியவேண்டியிருந்தது. வெளியிலிருந்து வண்டி வந்து சேரும்வரை அங்கே இருந்தது பக்கத்து லயத்து ஆட்கள்தான். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். இரண்டு மாநிலத்திலும் 108ஐ அரசுக்காகத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அதில் சேர்வது அரசு வேலை இல்லை. ‘கவர்மென்ட் வேலை, சீட்டுக்கு இவ்வளவு’ என்று எவராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை என்பதால் நர்சிங் முதல் வருடம் ஆங்கிலப் பாடப்புத்தகம் மிரட்டும். ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் இடையில் கிடைக்கும் இந்த இடைவெளியில் ஆங்கிலத்துக்கும், மலையாளம் எழுதப் படிக்க வராதென்றால் அதற்கும் ஒரு ட்யூஷன் பாருங்கள். இன்ஸ்டிட்யூட்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் கொஞ்சம் அதற்குப் போதும்.